மீசை மார்க் யாருக்குச் சொந்தம்?

போன வாரம் மூன்று இளைஞர்கள் அஸ்தம்பட்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். வெளிநாட்டுக்குப் படுக்கை விரிப்பு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். சரக்கு வாங்குகிற வெள்ளைக்காரன் தடிமனான ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறானாம். அவன் தருகிற டிசைனை வேறு யாருக்கும் காட்டக்கூடாது. கழிவாக விழுந்த விரிப்பைக்கூட வெளியே விற்கக்கூடாது. அவன் மார்க் போட்ட சீட்டு ஒன்று மிஞ்சினாலும் கொளுத்திவிட வேண்டும். மூவரில் கொஞ்சம் ரோஷக்காரராக இருந்தவர் கேட்டார்: "ஏன் சார், நம்மளப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வெள்ளைக்காரன் கெட்டிக்காரன், கையெழுத்துப் போடுங்கள் என்றேன். எங்கள் காலத்தில் சரக்கு அங்கிருந்து இங்கே வந்தது. இப்படி ஒரு காகிதத்தை நாங்கள் அங்கே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. அதனால் ஒரு மனிதர் தன் முகம் தன்னுடையதுதான் என்று சேலம் கோர்ட்டில் சத்தியம் செய்ய நேர்ந்தது. அந்தக் கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். பள்ளி இறுதி வகுப்புத் தேறி, டைப் அடிக்கப் பழகி, ஒரு பருத்தி மண்டியில் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று இங்கிலீஷில் ஆயிரம் தடவை எழுதித் தேய்ந்த பிறகு, செவ்வாய்ப்பேட்டையில் சாயக்கடை வைத்திருந்த நாச்சிமுத்துவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி என்று நினைவு.

நாச்சிமுத்து மல்லசமுத்திரத்துக்காரர். நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு சாயத்தைப் பிடித்தவர். யாரையும் மரியாதை இல்லாமல் பேசமாட்டார். என்னை "ஏனுங்க ரைட்டரே" என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் 'ங்க' போட்டே திட்டுவார். "உங்குளுக்கு மூளையே கெடையாதுங்களா?" என்று அவர் கேட்டால், இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்று தோன்றும்.

அவரை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் ஒன்றை மறைக்கமாட்டேன். சேலத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. எந்தச் சீமைச் சாயமும் அதில் கலங்கிப் போகும். இந்த மனிதர் வீட்டுப் பின்கட்டில் வருஷக்கணக்காகச் சட்டி வைத்துக் காய்ச்சி, மூன்று பொடிகளை ஒரு குறிப்பிட்ட அளவில் சேர்த்தால் அந்த உப்புத் தண்ணீரிலேயே நல்ல அரக்குச் சிவப்பு நூலில் பிடிக்கும் என்று கண்டுபிடித்திருந்தார். துவைத்தாலும் இறங்காது. ராசிபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் வரைக்கும் நெசவாளர்கள் அதற்காகவே வந்தார்கள். அது அவருடைய சொந்தச் சொத்து. யாரிடமும் கற்றதல்ல.

அந்தச் சொத்தைக் காப்பாற்ற அவர் செய்த ஏற்பாடுகள்தான் வேடிக்கை.

பொடிகளைக் கடையிலேயே கலந்தால் வேலைக்காரர்கள் அளவைக் கற்றுக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். ஒவ்வொருவனும் நாளைக்கே எதிரில் கடை போடத் துடித்துக்கொண்டிருப்பதாக எண்ணம். அதற்கு அவர் கண்ட வழி: ஜெர்மனியில் பொடி செய்கிற தொழிற்சாலைக்கே அளவைச் சொல்லிவிடுவது. அவனே கலந்து, டப்பாவில் அடைத்து, நம் லேபிளை ஒட்டி அனுப்பிவிடுவான். சேலத்தில் ஒரு பயலுக்கும் தெரியாது.

"அவனுக்குத் தெரியுமுங்களே?" என்று கேட்டேன்.

"அவுனெங்க, நாமெங்க? கடலுக்கு அக்கட்டால இருக்கறவன் செவ்வாய்ப்பேட்டையில வந்து கடை போடுவானுங்களா?" என்றார்.

அளவைத் தெரிவிக்கிற கடிதத்தை ஒரே உறையில் அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால்? மூன்று பொடிக்கு மூன்று கடிதம் எழுதச் சொன்னார். ஒன்றைச் செவ்வாய்ப்பேட்டைத் தபாலாபீசில் போட்டேன், ஒன்றை அஸ்தம்பட்டியில், மூன்றாவதை ஜங்ஷனுக்கு நடந்துபோய்ப் போட்டேன். மூன்றும் ஒரே ரயிலில் ஏறி, ஒரே கப்பலில் போய், ஒரே நாளில் ஒரே மேஜையில் விழுந்தன. அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டார்கள். மூன்று அளவையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அழகாக டைப் அடித்து, 'சரிதானா என்று உறுதி செய்யவும்' என்று கேட்டிருந்தார்கள்.

தந்திக்கும் ரகசிய பாஷை வைத்திருந்தார். சிவப்புப் பொடிக்குத் தக்காளி, கருப்புக்குக் கத்தரிக்காய், மூன்றாவதற்குப் பூசணி. 'கத்தரிக்காய் குறைவு, உடனே அனுப்பு' என்று ஜெர்மனிக்கு நான் தந்தி எழுதிக் கொடுத்தபோது, தந்தி ஆபீசில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கத்தரிக்காய்க்கு ஜெர்மனியா? நம்ம சந்தையிலேயே மலிவா கிடைக்குமே, தம்பி" என்றார். ஊருக்குள் அந்த வாரம் முழுக்க இதுதான் பேச்சு. ரகசியம் காப்பாற்றப்பட்டது, மானம்தான் போயிற்று.

அப்புறம் லேபிள். சாய டப்பாவுக்கு யானை, கிளி, தேர் என்று ஆளாளுக்கு ஒரு மார்க். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நாச்சிமுத்து தன் முகத்தையே மார்க்காகப் போட முடிவு செய்தார். யானையை எவனும் போடலாம், என் மூஞ்சியை எவன் போடுவான் என்பது அவருடைய வாதம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினோம். அந்தக் காலத்தில் அவருடைய மீசை, மழையில் நனைந்த காக்கைச் சிறகு மாதிரி இரண்டு பக்கமும் கீழே தொங்கும். ஜெர்மனியில் இருந்த ஓவியருக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. லேபிள் அச்சாகி வந்தபோது மீசை இரண்டும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கன்னம் நிரம்பியிருந்தது. கண்ணில் ஒரு ராஜ களை. தலைப்பாகையில் மூன்று சுற்று கூடுதல்.

நாச்சிமுத்து அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "கொஞ்சம் மாத்திப்போட்டானுங்க" என்றார். குரலில் வருத்தமே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நாவிதரை வரவழைத்து, லேபிளை எதிரில் வைத்து, மீசையை மேலே திருப்பச் சொன்னார். பிறகு வாரா வாரம் அது நடந்தது. ஆறு மாதத்தில் கிட்டத்தட்டப் படத்தைப் போலவே ஆகிவிட்டார்.

டப்பாவின் மூடியில், அவர் வற்புறுத்திப் போடச்செய்த ஒரு வரியும் இருந்தது. சீமைச் சரக்கு என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே, அதற்காக அந்தத் தொழிற்சாலையின் பெயரும் விலாசமும். மூன்று தபாலாபீசில் மூன்று கடிதம் போட்டுக் காப்பாற்றிய ரகசியத்தின் முகவரி, ஒவ்வொரு டப்பா மூடியிலும் கொட்டை எழுத்தில் இருந்தது. சொன்னேன். "இங்கிலீசு படிக்கறவன் சாயம் வாங்க வாரானுங்களா?" என்று கேட்டார்.

இங்கிலீஷ் படிக்கிறவன் ஒருவன் எங்கள் வீதிக் கோடியிலேயே இருந்தான். ஆறுமுகம். சாயமும் சீயக்காயும் சேர்த்து விற்பவன். எங்கள் டப்பா ஒன்றை வாங்கி, மூடியைப் படித்து, அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறான். ஒரே கடிதம், ஒரே தபாலாபீஸ்.

இது எங்களுக்குத் தெரியவந்தது ரங்கம்மாளால்.

ரங்கம்மாள் ராசிபுரத்துக்காரர். புருஷனும் அவருமாக வீட்டில் தறி போட்டு, வியாபாரி கொடுக்கும் நூலைப் பாவாக நீளவாக்கில் ஏற்றி, வெள்ளை உடம்பும் சிவப்புக் கரையுமாகச் சேலை நெய்பவர்கள். ஒருநாள் காலையில் கடைக்குள் வந்தார். தோளில் ஈரத்துணி மூட்டை. கல்லாவுக்குப் பின்னால் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார்; சுவரில் ஒட்டியிருந்த லேபிளைப் பார்த்தார்.

"ஏனுங்க, மீசை மார்க்கு நீங்கதானுங்களே?"

"ஆமாங்கம்மா, நானேதான்" என்று பெருமையாகச் சொன்னார் நாச்சிமுத்து.

ரங்கம்மாள் மூட்டையை அவிழ்த்து, ஈரச் சேலைகளை அந்த வெள்ளை விரிப்பின் மேலேயே போட்டார். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய உடம்பெல்லாம் ரோஸ் நிறத் திட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெத்தையிலும் சிவப்பு ஊறியது.

"மொதத் தண்ணிக்கே கரை அத்தனையும் எறங்கிப் போச்சுங்க. யாவாரி அத்தனையும் திருப்பி மூஞ்சியில எறிஞ்சுட்டான். அடுத்த பாவுக்கு நூல் தரமாட்டேன்னுட்டான். ஊட்டுக்காரரு கூலித்தறிக்குக் குமாரபாளையம் போயிட்டாருங்க. தறி சும்மா கெடக்குது. இதுக்கு என்ன சொல்றீங்க?"

"எங்கிட்ட வாங்குனீங்களா?"

"சந்தையில வாங்குனேன்."

"ஆருகிட்ட?"

"ஆருகிட்ட வாங்குனா என்னங்க? உங்க மூஞ்சியப் பாத்துத்தான் வாங்குனேன்."

நாச்சிமுத்து சுவரிலிருந்த லேபிளைத் திரும்பிப் பார்த்தார். டப்பாவைக் காட்டச் சொன்னேன். மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எங்கள் டப்பா. எங்கள் லேபிள். அதே மீசை. மூடியில் அதே விலாசம். உள்ளே இருந்த பொடியை நாக்கில் வைத்துப் பார்த்த முதலாளி துப்பினார். பாதிக்குமேல் உப்பு. மூன்றாவது பொடி, அந்தப் பூசணி, இல்லவே இல்லை. அதுதான் சாயத்தை நூலோடு இறுக்கிப் பிடிப்பது.

சந்தையில் விசாரித்தோம். ஆறுமுகம் மூட்டை மூட்டையாக இறக்கியிருந்தான்.

தொழிற்சாலைக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதினேன். மிக மரியாதையான பதில் வந்தது. தங்கள் ஊரிலிருந்து இன்னொரு கனவான் ஆர்டர் கொடுத்தார். படத்தில் இருப்பவர் தன் குடும்பத்துப் பெரியவர் என்று சொன்னார். விலையைக் குறைக்கக் கேட்டார், சரக்கையும் அதற்கேற்றபடி குறைத்துக் கொடுத்தோம். இரண்டு கனவான்களுமே எங்களுக்கு மதிப்புக்குரியவர்கள். கடைசி வரியில், தாங்கள் விரும்பினால் அதே மலிவு ரகத்தைத் தங்களுக்கும் தரத் தயார் என்று ஒரு சலுகை.

எங்கள் வக்கீல் நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துக்கொண்டே கேட்டார்: "போலி, போலி என்கிறீர்களே. எதைப் போலி என்பது? டப்பா அதே தொழிற்சாலையில் செய்தது. லேபிள் அதே அச்சில் அடித்தது. ஒட்டியதும் அதே கை. அசலைச் செய்தவனே செய்த நகலை எப்படி ஐயா போலி என்று நான் சொல்வது?"

தொழில் பார்த்த இத்தனை வருஷத்தில் என்னை இவ்வளவு குடைந்த கேள்வி வேறில்லை. வெளியாளிடம் செய்யக் கொடுக்கிற எவனுக்கும் இது வரும். மார்க்குகளைச் சர்க்காரில் பதிகிற சட்டமும் அப்போது கிடையாது. சார்பதிவாளர் ஆபீசில் 'இது என் மார்க்' என்று ஒரு பத்திரம் பதிந்து, பத்திரிகையில் எச்சரிக்கை விளம்பரம் போட்டு வைப்பார்கள். அந்தச் செலவு எதற்கு என்று நாச்சிமுத்து செய்யாமல் விட்டிருந்தார். என் மூஞ்சிக்கு நான் பத்திரம் பதியோணுமா என்று கேட்டவர் அவர்.

"சரக்கைப் பற்றி விடுங்கள்" என்றார் வக்கீல். "அந்த மார்க்கை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது யார் என்று மட்டும் காட்டினால் போதும். ஆறுமுகம் கடை வைப்பதற்கு முன்பே விற்ற டப்பா ஒன்று கிடைக்குமா? முதல் லேபிளில் ஏதாவது வித்தியாசம் இருந்ததா?"

இருந்தது. முதல் தவணை லேபிளில் 'சேலம்' என்பதை 'சேலழ்' என்று அடித்துவிட்டார்கள். பின்னால் திருத்திவிட்டோம். ஆனால் அந்த டப்பா ஒன்றுகூடக் கடையில் இல்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் ராசிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

நெசவாளர் வீட்டில் சாய டப்பாவை யாரும் எறிவதில்லை. ரங்கம்மாள் வீட்டுச் சமையலறைப் பரணில் வரிசையாக நின்றன: மிளகு, கடுகு, உப்பு. எல்லாவற்றிலும் நாச்சிமுத்து. அடுப்புப் பக்கம் இருந்த ஒன்றில் புகை ஏறி மீசை மட்டும்தான் மிச்சம். அதன் அடியில் தெளிவாக 'சேலழ்'.

"இது எப்ப வாங்குனதுங்க?"

"எம் பெரியவன் வகுத்துல இருந்தப்ப. அப்ப அந்த ஆறுமுகம் எங்க இருந்தானோ."

கோர்ட்டுக்கு வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ரங்கம்மாள் டப்பாவிலிருந்த கடுகை முறத்தில் கொட்டி, டப்பாவைத் தட்டி, மடியில் வைத்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

"வாரேனுங்க. ஆனா எம் பாவு?"

"அது வேற விஷயமுங்களே அம்மா. கெட்ட சரக்கை வித்தது ஆறுமுகம்."

"மூஞ்சி உங்க மொதலாளியுது, பாவு என்னுது. ரெண்டையும் சேத்து மீட்டாத்தான் வாரேன். போய்ச் சொல்லுங்க."

சொன்னேன். நாச்சிமுத்து பாதி நாள் குதித்தார். நான் விற்காத சரக்குக்கு நான் ஏன் கொடுக்கோணும் என்றார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் டப்பா ரங்கம்மாள் பக்கம் இருந்தது. மறுநாள் ஒரு பாவுக்கு வேண்டிய நூலும் நல்ல சாயமும் ராசிபுரத்துக்குப் போயின.

கோர்ட் அன்று நிரம்பி வழிந்தது. நூல் கடைக்காரர்களும், வேறு வழக்குக்கு வந்தவர்களும், வேலை இல்லாதவர்களும் மீசை வழக்கைப் பார்க்க வந்துவிட்டார்கள். ஆறுமுகத்தின் பதில் மனு இதுதான்: லேபிளில் இருப்பது நாச்சிமுத்துவே அல்ல. அது தன் மாமனார், பள்ளிபாளையம் சின்னத்தம்பி. மரியாதையின் பொருட்டு அவர் படத்தைப் போட்டிருக்கிறேன்.

மாமனாரை அழைத்தும் வந்திருந்தான். சின்னத்தம்பிக்கு இருந்தது மீசை! பிறந்ததிலிருந்தே மேலே பார்த்து வளர்ந்தது போல, இரு நுனியும் கண்ணைத் தொடும்படி நின்றது. எங்கள் முதலாளியைவிட அவர்தான் லேபிளைப் போல இருந்தார்.

முதலில் நாச்சிமுத்து கூண்டேறினார். ஆறுமுகத்தின் வக்கீல் லேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இது உங்கள் முகமா?"

"ஆமாங்க."

"மீசையும்?"

"மீசையுந்தானுங்க."

"உங்கள் மீசை எப்போதிலிருந்து மேலே பார்க்கிறது?"

நாச்சிமுத்து எங்கள் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். சத்தியம் செய்துவிட்டாரே.

"லேபிளு வந்த பொறவுங்க."

"அதற்கு முன்னால்?"

"கீழ பாத்துட்டு இருந்துச்சுங்க."

"ஆக, உங்கள் முகத்தைப் பார்த்து லேபிள் வரையவில்லை. லேபிளைப் பார்த்துத்தான் நீங்கள் முகம் செய்துகொண்டிருக்கிறீர்கள். இந்த வழக்கில் நகல் எது என்று நீங்களே சொல்லிவிடுங்களேன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொள்வது போலச் செய்தார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்: கூண்டில் நின்ற நாச்சிமுத்துவும், பின் வரிசையில் டப்பாவை மடியில் வைத்திருந்த ரங்கம்மாளும். முதலாளியின் முகம் சிவந்து, மீசையின் ஒரு நுனி வேர்வையில் நனைந்து பழைய இடத்துக்கே இறங்கத் தொடங்கியது. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது அப்போதுதான். உப்புத் தண்ணீரோடு வருஷக்கணக்காக மல்லுக்கட்டிய மனிதரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாரில்லை.

பிறகு சின்னத்தம்பியை ஏற்றினார்கள். சத்தியம் வாங்கியதும் அவர் மீசை கொஞ்சம் நடுங்கியது. எங்கள் வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே லேபிளை நீட்டினார்.

"பெரியவரே, இது நீங்களா?"

சின்னத்தம்பி வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மருமகனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"மீசை எம் மீசையாட்டத்தான் இருக்குதுங்க. மூஞ்சி ஆரோடதுன்னு தெரியலீங்களே, சாமி."

"நீங்கள் எப்போதாவது போட்டோ எடுத்துக்கொண்டது உண்டா?"

"சாமி சத்தியமா இல்லீங்க. அந்தப் பொட்டி முன்னால நின்னா ஆயுசு கொறையுமுன்னு எங்கப்பன் சொன்னாருங்க. மருமவன் கூப்புட்டப்பக்கூட நான் நிக்கலீங்க."

ஆறுமுகம் தலையில் கை வைத்தான். போட்டோவே எடுக்காத மனிதரை ஜெர்மனிக்காரன் எதைப் பார்த்து வரைந்தான் என்று எங்கள் வக்கீல் கேட்டார். அதன் பிறகு ரங்கம்மாள் ஏறி, 'சேலழ்' டப்பாவை நீதிபதியின் மேஜையில் வைத்தார். உள்ளே ஒட்டியிருந்த இரண்டு கடுகு மேஜையில் உருண்டன. பெரியவன் பிறப்பதற்கு முன் வாங்கியது என்று சொன்னார். இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான் என்றார். ஆறுமுகம் கடை வைத்தே இரண்டு வருஷம் ஆகவில்லை.

இறங்குவதற்கு முன் நீதிபதியிடம் ரங்கம்மாள் ஒன்று கேட்டார்: "ஏனுங்க, மூஞ்சி ஆருதுன்னு இத்தன பேரு விசாரிக்கறீங்களே. உள்ளார உப்பப் போட்டு வித்தானே, அத ஆரும் கேக்கமாட்டீங்களா?"

"அது இந்த வழக்கில் இல்லை, அம்மா" என்றார் நீதிபதி. அவர் சிரிக்காமல் சொன்னார்.

தீர்ப்பு எங்கள் பக்கம். மீசை மார்க்கை ஆறுமுகம் இனி விற்கக்கூடாது. அன்று மாலை நாச்சிமுத்து மேளம் வைத்து ஊர்வலம் வராத குறைதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. தீர்ப்பு கட்டுப்படுத்தியது வீதிக் கோடிக் கடையை. ரைன் நதிக்கரைத் தொழிற்சாலையை அல்ல. அந்த அச்சு இருக்கிற வரைக்கும் அடுத்த ஆறுமுகம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். லேபிள் அச்சு எங்கள் சொத்து, திருப்பி அனுப்புங்கள் என்று எழுதினேன். அவர்கள் மறுக்கவில்லை. அந்தக் காலத்தில் படத்தைக் கல்லில் வரைந்துதான் அச்சடிப்பார்கள்; லேபிள் வரைந்த அந்தக் கல்லையே பெட்டியில் போட்டு, ஏற்றுக்கூலியை எங்கள் தலையில் வைத்து அனுப்பினார்கள். ஜங்ஷனிலிருந்து நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முதலாளி அதற்குச் சந்தனம் வைத்தார். கல்லிலிருந்து தகட்டுக்குப் படத்தை மாற்றி வைத்துக்கொள்ள ஒரு மணி நேரம் போதும், தகடு அங்கேதான் இருக்கும் என்று ஒரு அச்சகக்காரர் அப்புறம் எங்களுக்கு விளக்கினார். அந்தக் கல் முதலாளி வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கப் பயன்பட்டது. அந்த வகையில் அது நல்ல கல்.

அதன் பிறகுதான் என் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது. ஒரே ஆளிடம் முழு அளவையும் கொடுப்பதை நிறுத்தினோம். தக்காளி ஜெர்மனியிலிருந்து வந்தது, கத்தரிக்காய் இங்கிலாந்திலிருந்து. பூசணியை மட்டும் சென்னையில் ஒரு ஏஜெண்டிடம் வேறு பெயரில் வாங்கினோம். கலவை சேலத்தில் நடந்தது. லேபிளை இங்கேயே அடித்து, நிரப்பிய டப்பாவின் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வெளியே விடாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். மூடியில் யார் விலாசமும் இல்லை. எந்த வேலைக்காரனுக்குப் பயந்து கடல் கடந்தாரோ, அந்த வேலைக்காரர்களே கலந்தார்கள். அளவு அவர்களுக்குத் தெரிந்தது. ஒருவரும் எதிரில் கடை போடவில்லை.

நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் இரண்டாவது உலகச் சண்டை வந்தது.

ஜெர்மனிச் சரக்கு நின்றது. மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சாயம் தங்கத்தைப் போல ஆயிற்று. ஊரெல்லாம் பரணில் இருந்த எங்கள் பழைய டப்பாக்களுக்குத் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. காலி டப்பாவைக் காசு கொடுத்து வாங்கி, செங்கல் பொடியும் காவியும் அடைத்து, மூடியை ஈயம் வைத்து ஒட்டிச் சந்தையில் விற்றார்கள். லேபிள் அசல், டப்பா அசல். எவன்மேல் வழக்குப் போடுவது? ஏமாந்தவன் ஒவ்வொருவனும் டப்பாவிலிருந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டான். குமாரபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன நாச்சிமுத்துவைப் பந்தியில் அடையாளம் கண்டு நாலு பேர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் எழுந்து ஓடி வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாவிதர் வந்தார். இந்தத் தடவை எதிரில் லேபிள் இல்லை. முழுக்க வழித்துவிடச் சொன்னார். மீசை போன முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பாருங்க ரைட்டரே, கோர்ட்டுல நின்னு ஜெயிச்சது இத்தனைக்குத்தானுங்க" என்றார்.

மார்க்குகளைப் பதிகிற புதுச் சட்டம் வந்ததும் அந்த நாட்களில்தான். வக்கீல் கண்ணாடியைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார்: உடனே பதிந்துவிடலாம், இனி எவனும் தொட முடியாது! நாச்சிமுத்து மொழுமொழுவென்றிருந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே, "எதப் பதியறதுங்க?" என்று கேட்டார்.

கடையில் கொஞ்சம் நல்ல பொடி மிச்சம் இருந்தது. வாங்கத்தான் ஆளில்லை. மீசை மார்க் என்றாலே செங்கல் பொடி என்று பெயராகிவிட்டது. ஒருநாள் முதலாளியே கடை வாசலில் ஒரு அடுப்பை மூட்டி, சட்டியில் உப்புத் தண்ணீர் வைக்கச் சொன்னார். வருகிறவர்கள் தங்கள் நூலைக் கொண்டுவரட்டும். நம் பொடியை அவர்கள் கையாலேயே போட்டுக் காய்ச்சிப் பார்க்கட்டும். சாயம் நின்றால் வாங்கட்டும் என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் டீக்கடை போட்டிருப்பதாகக் கேலி செய்தார்கள். இரண்டு நாள் யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் ரங்கம்மாள் வந்தார். மீசை இல்லாத முதலாளியை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "அடப் பாவமே, நான் சாட்சி சொல்லிக் குடுத்த மீசைய எடுத்துப்போட்டீங்களா?" என்றார். மடியிலிருந்து ஒரு கழி நூலை எடுத்தார். பொடியைத் தானே எடுத்துப் போட்டார். கொதிக்கவிட்டுப் பிழிந்து, இரண்டு தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்துத் தன் வெள்ளைச் சேலைத் தலைப்பில் தேய்த்தார். நாச்சிமுத்து குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தார். கோர்ட்டுக் கூண்டில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

தலைப்பு வெள்ளையாகவே இருந்தது.

"சரிங்க, கட்டுங்க" என்றார் ரங்கம்மாள்.

முதலாளி தானே எடை போட்டார். கையோடு ஒரு டப்பாவையும் எடுத்து, "இதுல போட்டுத் தரட்டுங்களா? லேபிளு புதுசுங்க" என்றார்.

"மூஞ்சியெல்லாம் வேண்டாமுங்க. காயிதத்துலயே மடிச்சுக் குடுங்க" என்றார் ரங்கம்மாள். பொட்டலத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வெளியே தயங்கி நின்ற இரண்டு பெண்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"வாங்க புள்ளைங்களா. நிக்குது."